இலவச இரவின் ஐந்தொகை

வருடக் கட்டணம் இருபத்துநாலாயிரம்.
கல்முனைக் கிளையில் நுஸ்கித் தம்பி
பேனையை நீட்டிச் சொன்னது:
"ஒரு இரவிலேயே உழைச்சிருவீங்க அக்கா."
கறுப்பு அட்டை. கொஞ்சம் கனதி.
கடையில் கொடுத்தால்
காசாளர் ஒருதரம் புரட்டிப் பார்ப்பார்.
அந்தப் புரட்டலுக்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

நான் மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவள்.
களுவாஞ்சிகுடிச் சந்தியில்
பனடோல் அட்டை ஒன்று குறைந்தாலும்
ராப் பத்துமணி வரை தேடுவேன்.
கையெழுத்து வைத்த அன்றுமட்டும்
சின்ன எழுத்தை வாசிக்கவில்லை.

வெள்ளி இல்லை. சனி இல்லை.
போயா இல்லை, சித்திரை இல்லை,
பள்ளி விடுமுறை இல்லவே இல்லை.
ஆகஸ்டில் கேட்டேன்.
"அட்டைக்கான அறைகள் முடிஞ்சுது மிஸ்."
அறை முடிந்ததா, அட்டைக்கான அறை முடிந்ததா?
மார்கழி முப்பத்தொன்று தாண்டினால்
இரவு காலாவதி.
மருந்து காலாவதியாகும், தெரியும்.
இரவும் ஆகுமாம்.

ஆகவே நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
மகனுக்குக் காய்ச்சல் என்று கடிதம் எழுதி,
மச்சானின் காரை இரவல் வாங்கிப்
பாசிக்குடாவுக்குப் போனோம்.
ஏறாவூரில் மழை.
கிரானில் மழைக்குள்ளே இன்னொரு மழை.

எங்களுக்கு முன்னால்
ஈரக் குடையோடு நின்ற இரண்டுபேர்
அட்டை ஒன்றும் இல்லாமல் கேட்டார்கள்:
"இண்டைக்கு எவ்வளவு?"
"காலைச் சாப்பாட்டோட இருபத்தோராயிரம்."
உதயசீலன் என்னைப் பார்த்தார்.
நான் தொட்டியிலிருந்த மீனைப் பார்த்தேன்.

கடல் பார்த்த அறைக்கு உயர்த்தினார்கள், இலவசம்.
திரையை விலக்கினால் மழை தெரிந்தது.
பிள்ளைக்கு மேலதிகக் கட்டில் ஆறாயிரத்து ஐந்நூறு.
வரி, சேவைக் கட்டணம் ஒன்பதாயிரத்து இருநூறு.
பெற்றோல் மூவாயிரத்து அறுநூறு.
இராச்சாப்பாட்டு விலையைக் கண்டு
வாழைச்சேனைக்குத் திரும்பி ஓடி
மூன்று பார்சல் கொத்து, இரண்டாயிரத்து எழுநூறு.
மணம் போகட்டும் என்று யன்னலைத் திறக்க
வெள்ளைக் கட்டிலில் தூவானம்.
கூட்டினேன், கட்டணத்தையும் சேர்த்து.
நாற்பத்தாறாயிரம்.
இலவசத்துக்கு.

மறுநாள் மழை விட்டது.
தகப்பனும் மகனும் கடலுக்குள் போய்
எவ்வளவு நடந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை என்று
தூரத்தில் நின்று கையைக் காட்டினார்கள்.
நான் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.
அட்டைக்காரருக்கு இரண்டு மணிவரை அறை.
பத்துமணிக்குக் கண்ணை மூடியவள்
ஒருவரும் தேத்தண்ணி கேட்காத,
ஒருவரும் திறப்பைத் தேடச் சொல்லாத
ஒரு இடத்துக்குள் விழுந்தேன்.
இதை எந்த நிரலில் எழுதுவது,
வரவிலா, செலவிலா?

ஒன்றரைக்குக் கதவில் தட்டு.
வாளியோடு ஒரு பெண்,
நெஞ்சில் 'கலைமதி' என்று பெயர்த்தகடு.
"படுங்க மிஸ், உங்களுக்கு நேரம் இருக்கு.
சும்மாதான் கேட்டன்.
ரெண்டுக்கு நீங்க வெளிக்கிட்டா
அறையைச் செய்து முடிக்க மூண்டரை பஸ் போயிரும்.
மறுகா அஞ்சரைக்குத்தான்."

என்னுடைய சலுகையை
யாரோ வாழைச்சேனைச் சந்தியில்
நின்றுகொண்டே கட்டுகிறார்கள்.
எழும்பி முகம் கழுவினேன்.
ஒன்று முப்பத்தைந்துக்கு அறை காலி.
மிச்சம் இருபத்தைந்து நிமிஷத்தைப்
புள்ளிகளாக ஒருவரும் வரவு வைக்கவில்லை.
சவர்க்காரக் கட்டி இரண்டையும்
தொப்பி ஒன்றையும் நான் எடுத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

தையில் வங்கிக்கு அழைத்தேன்.
"அட்டையை நிப்பாட்டுங்க தம்பி."
நுஸ்கி கொஞ்சம் பொறுக்கச் சொன்னான்,
பின்னணியில் ஏதோ பாட்டு ஓடிற்று.
"அக்கா, உங்களுக்காக மட்டும் கதைச்சிருக்கன்,
இந்த வருசம் அரைவாசி."

பன்னிரண்டாயிரம்.
கையில் பேனை, முன்னால் மருந்துப் பட்டியலின் பின்பக்கம்.
மூன்று மணித்தியாலம் முப்பது நிமிஷ நித்திரையால்
பிரித்துப் பார்த்தேன்.
விடை வருமுன்னே வாய் கேட்டுவிட்டது:
"மறுகா முழுசாக் கட்டுறது ஆரு தம்பி?"